கண்ணீருக்குக் கணக்கு வைத்த தஞ்சை மன்னர்

திருநள்ளாற்றில் சனிக்கிழமை என்றால் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகியவர்கள் ஈரத் தலையோடு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்கு வருவார்கள். சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றுவார்கள். நூற்றுக்கணக்கான விளக்குகள் ஒரே இடத்தில் எரியும்போது புகை எழும்பும். நிற்பவர்கள் முந்தானையாலும் துண்டாலும் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள். பக்தியால் வந்த கண்ணீர் எது, புகையால் வந்த கண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோயிலைத் தாண்டி வயல் பக்கம் போனால் வேறொரு கண்ணீரைக் காணலாம். தை, மாசி மாதங்களில் அறுவடை நடக்கும். களத்தில் நெல் தூற்றும்போது பதரும் சுணையும் காற்றில் பறக்கும். வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் சிலருக்கு மட்டும் இரண்டு கண்களும் அரித்துக்கொண்டே இருக்கும். நீர் நிற்காமல் வழியும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தவருக்கு ஒன்றும் இராது. இது ஏன்?

இருநூறு வருஷங்களுக்கு முன்பு இதே காவிரி நாட்டில், கண் வியாதிகளை ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதி வைக்க ஏற்பாடு செய்த மன்னர் ஒருவர் இருந்தார். அவர்தான் தஞ்சை இரண்டாம் சரபோஜி.

இருட்டறையில் இளவரசன்

சரபோஜி 1777-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பிறந்தார். போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னருக்கு வாரிசு இல்லை. பிள்ளைகள் எல்லோரையும் அவர் இழந்திருந்தார். அதனால் 1787-ல், தாம் இறக்கும் தறுவாயில், பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி, ஊரெல்லாம் மதித்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

துளஜாவின் தம்பி அமர்சிங் சும்மா இருப்பாரா? சுவீகாரம் சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்களைச் சொல்ல வைத்தார். கும்பினியாரின் சம்மதத்துடன் தாமே சிம்மாசனம் ஏறினார். சிறுவன் சரபோஜி அரண்மனைக்குள்ளேயே காவலில் வைக்கப்பட்டான். சூரிய வெளிச்சம் படாத அறையில், விளக்கு வெளிச்சத்தில் அவன் நாட்கள் கழிந்தன. படிப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. சுவார்ட்ஸ் பாதிரியார் இதைக் கண்டு கும்பினி அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில் நடந்ததாக ஒரு கொடுமை சொல்லப்படுவதுண்டு. இளவரசனும் துளஜாவின் ராணிமார்களும் இருந்த இடத்துக்கு அருகில் மிளகாயைக் குவித்துப் புகைய விட்டார்களாம். உள்ளே இருந்தவர்கள் கண்ணும் மூக்கும் எரிந்து மூச்சுத் திணறினார்களாம்.

மிளகாய்ப் புகை பட்டால் யாருக்கும் கண்ணீர் வரும். அரசனுக்கும் வரும், ஆண்டிக்கும் வரும். அது வியாதி அல்ல. கண்ணுக்குள் புகுந்த காரத்தைக் கழுவித் தள்ள உடம்பு செய்யும் ஏற்பாடு அது. புகை போனால் கண்ணீரும் போய்விடும். களத்திலிருந்து வந்தவர் விடுகிற கண்ணீர் அப்படிப்பட்டதல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

பட்டணத்தில் படிப்பு

1793-ல் சரபோஜியைச் சென்னைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றார்கள். உயிருக்குப் பாதுகாப்பு, கூடவே படிப்பு. கெரிக்கே என்ற பாதிரியார் அவருக்கு ஆசிரியராக இருந்தார். ஆங்கிலமும் கணக்கும் பூகோளமும் படித்த இளவரசர், தாய்மொழியான மராத்தியையும் நாட்டு மொழியான தமிழையும் விடவில்லை. இருட்டறையிலிருந்து வந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் ஏற்பட்ட ஆசை சாகும்வரை தணியவில்லை.

பாதிரியார்களிடம் வளர்ந்தும் அவர் மதம் மாறவில்லை. பாதிரியாரும் வற்புறுத்தி மாற்றவில்லை. ஆயினும் இருவருக்கும் இடையே தந்தைக்கும் மகனுக்கும் உள்ள பாசம் இருந்தது. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தபோது, சரபோஜி நேரில் வந்து உடலைப் பார்த்துக் கண்ணீர் வடித்தார். உடல் மீது பொன்னாடை போர்த்தினார். பின்னால் லண்டனில் பெயர்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு, பாதிரியாரின் மரணப் படுக்கையருகே தாம் நிற்பதுபோல் பளிங்குச் சிலை செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் வைத்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

அதே வருஷம் ஜூன் மாதம், சுவீகாரம் செல்லும் என்று முடிவாகி, சரபோஜி பட்டத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

நாடில்லாத ராஜா

பட்டம் கிடைத்தது, நாடு நிலைக்கவில்லை. மறு வருஷமே, 1799 அக்டோபரில், கும்பினியார் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். ராஜ்ய நிர்வாகம் முழுவதும் கும்பினிக்கு. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய இடமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும்.

காரைக்காலோ அதற்கு அறுபது வருஷம் முன்பே, 1739-லேயே, தஞ்சை அரசின் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் போய்விட்டது. சரபோஜி காலத்தில் யுத்தம் வந்தபோதெல்லாம் இங்கிலீஷ்காரர் அதைப் பிடிப்பதும், சமாதானம் வந்தபோது திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தது. கடைசியாக 1817-ல் பிரெஞ்சுக் கொடி மறுபடியும் ஏறி, 1954 நவம்பர் முதல் தேதி வரை பறந்தது. ஆகவே திருநள்ளாறு சரபோஜியின் ஆளுகையில் இருந்ததில்லை. எல்லைக் கோடு மனிதர் போட்டது. காவிரித் தண்ணீரும், நெல்லும், களத்துத் தூசியும் இருபுறமும் ஒன்றுதான்.

அதிகாரம் போன ராஜாக்கள் பலர் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலம் கழித்தார்கள். சரபோஜிக்கும் வேட்டை, இசை, நாட்டியம் எல்லாம் பிடிக்கும். ஆனால் அவர் மனம் அதோடு நிற்கவில்லை. சரஸ்வதி மகாலை விரிவாக்கினார். 1805 வாக்கில் அரண்மனையிலேயே அச்சுக்கூடம் வைத்தார். 1820-ல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டு, வழியிலெல்லாம் ஏடுகளைச் சேகரித்துக்கொண்டு வந்தார். மனோரா என்று பெயர்பெற்ற கடற்கரைக் கோபுரமும் அவர் எழுப்பியதுதான்.

சத்திரங்களை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மன்னர்கள் வழிநெடுகக் கட்டியிருந்த சத்திரங்களைப் பற்றி 1801-ல் கும்பினியின் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். அங்கே சாதி பேதமின்றிச் சோறு போடுவதையும், நோயாளிகளுக்கு வைத்தியர் வந்து பார்ப்பதையும் எடுத்துக் காட்டி, இவற்றில் கை வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

தன்வந்திரி மகால்

சரபோஜியின் வேலைகளில் நம் கதைக்கு முக்கியமானது தன்வந்திரி மகால். மருந்து செய்வதற்கும் சோதிப்பதற்கும் அவர் ஏற்படுத்திய இடம் அது. சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யூனானி ஹக்கீம், இங்கிலீஷ் டாக்டர் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. மனிதருக்கு மட்டுமல்ல, யானை குதிரைகளுக்கும் மருந்து செய்தார்கள்.

நம் நாட்டு வைத்தியர்களில் பலர் நல்ல முறையைக் கண்டால் மகனுக்கு மட்டும் சொல்லுவார்கள். மகன் இல்லாவிட்டால் அது வைத்தியரோடு சுடுகாட்டுக்குப் போகும். சரபோஜி இந்த வழக்கத்தை உடைத்தார். பலன் கண்ட முறைகளைத் தொகுத்து, எல்லோரும் மனப்பாடம் செய்யும்படி தமிழ்ப் பாட்டாகப் புலவர்களைக் கொண்டு எழுதச் செய்தார். அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள். அவற்றில் கண் வியாதிக்கு என்றே ஒரு பகுதி உண்டு. சித்த வைத்தியத்தில் கண் நோய்கள் தொண்ணூற்றாறு என்பது பழைய கணக்கு.

அதைவிட ஆச்சரியமானது நோயாளிகளின் குறிப்பேடு. கண் வைத்தியத்துக்கு வந்தவர் யார், கண் எப்படி இருந்தது, என்ன சிகிச்சை செய்யப்பட்டது, பிறகு குணம் எப்படி என்று ஆங்கிலத்திலும், மராத்திக்கு அக்காலத்தில் வழங்கிய மோடி எழுத்திலும் எழுதி வைத்தார்கள். 1827-ம் வருஷத்துத் தேதியிட்ட குறிப்புகள் அதில் இருக்கின்றன. நோயுற்ற கண்களை வர்ணத்தில் எழுதிய படங்களும் உண்டு. சிவந்த கண் எப்படிச் சிவந்திருந்தது என்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்தக் காகிதங்கள் சரஸ்வதி மகாலில் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 2003-க்குப் பிறகுதான் சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் அவற்றை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள். மன்னரே கண்புரையைக் கத்தி வைத்து நீக்கினார் என்று சிலர் நம்புகிறார்கள். டாக்டர் செய்ய அவர் பக்கத்தில் நின்றார் என்பவர்களும் உண்டு. கத்தி யார் கையில் இருந்தால் என்ன? ஒரு ராஜா ஏழை எளியவரின் கண்ணை உற்றுப் பார்த்து, அதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் செய்தார். அந்தக் காலத்தில் வேறு எந்த அரண்மனையில் இப்படி நடந்தது?

அதே காலத்தில் லண்டனில்

சரபோஜி காசிக்குப் புறப்படுவதற்கு முந்தின வருஷம், 1819 மார்ச் மாதம், லண்டன் டாக்டர்கள் சபையில் ஜான் பாஸ்டக் என்ற டாக்டர் ஒரு கட்டுரை படித்தார். வருஷந்தோறும் ஜூன் மாதம் வந்தால் ஒரு நோயாளிக்குக் கண் அரித்து, சிவந்து, நீர் கொட்டும், தும்மல் வரும், மார்பு அடைக்கும், கோடை போனால் சரியாகிவிடும். அந்த நோயாளிக்கு வயது 46. எட்டு வயதிலிருந்து இந்தத் தொல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அபின் கொடுத்தார்கள், பச்சைத் தண்ணீரில் முழுகச் சொன்னார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த நோயாளி வேறு யாரும் அல்ல, பாஸ்டக் டாக்டரேதான்.

காரணம் என்ன என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வெயில்தான் காரணம் என்று நினைத்தார். 1873-ல் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் பிளாக்லி அதைக் கண்டுபிடித்தார். அவருக்கும் இதே வியாதி. புல்லின் பூந்தூளைத் தம் உடம்பிலேயே வைத்துச் சோதித்து, குற்றவாளி வெயில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூள் என்று காட்டினார். 1906-ல் வியன்னா டாக்டர் பிர்க்கே இந்த வகைத் தொல்லைகளுக்கு அலர்ஜி என்று பெயர் சூட்டினார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

இந்த விஷயம் தன்வந்திரி மகாலில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அந்த நாளில் அரித்து நீர் வடிகிற கண்ணுக்கும், கிருமி தொற்றிய கண்ணுக்கும், புகை பட்ட கண்ணுக்கும் பார்வைக்கு ஒரே நிறம்தான். சிவப்பு.

உடம்பின் காவற்காரன்

ஒவ்வாமை எப்படி உண்டாகிறது? நம் உடம்புக்குள் காவற்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி வந்தால் பிடிப்பது அவர்கள் வேலை. சிலர் உடம்பில் மட்டும், ஒரு தீங்கும் செய்யாத பூந்தூளையோ தூசியையோ திருடன் என்று தவறாக முத்திரை குத்திவிடுகிறார்கள். அடுத்த முறை அது கண்ணில் பட்டதும், கண் இமையின் உட்புறத்தில் இருக்கும் சில அணுக்கள் வெடித்து, ஹிஸ்டமின் என்ற ஒரு பொருளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய் விரிகிறது; கண் சிவக்கிறது. நரம்பு குறுகுறுக்கிறது, அரிப்பு எடுக்கிறது. இமை தடித்துக் கண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் உடம்பில் அந்தத் தவறு நடக்கவில்லை, ஆகவே அவருக்கு ஒன்றும் இல்லை. தாய் தகப்பனுக்கு இழுப்போ, தோல் அரிப்போ இருந்தால் பிள்ளைகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

காவிரிக் கடைமடையில் இதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கடற்கரை ஓரத்துச் சவுக்குத் தோப்பு பூக்கும்போது தூள் பறக்கும். சீமைக் கருவேலம், புல் வகைகள் இவற்றின் பூந்தூளும் சேரும். வைக்கோல் போரிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய சுவரிலும் பூஞ்சணம் பிடிக்கும். வருஷம் முழுவதும் தொல்லை தருவது பழைய மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. கரப்பான், பூனை, நாய் மயிரிலிருந்து உதிரும் செதில் இவையும் உண்டு.

எது ஒவ்வாமைக் கண்ணீர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரிப்புதான் முதல் அடையாளம். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். தண்ணீர் போலவோ நூல் போலவோ வடியும். காலையில் சீழ் கட்டி இமை ஒட்டிக்கொண்டால், அது மெட்ராஸ் ஐ போன்ற தொற்று வியாதியாக இருக்கலாம். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்குதல், ஒரு கண் மட்டும் சிவத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கைக்குழந்தைக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வந்தால், பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் சிறு குழாய் அடைத்திருக்கும்.

இனிப் பரிகாரம். முதலில் கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கக் கசக்க அந்த அணுக்கள் இன்னும் ஹிஸ்டமினைக் கொட்டும். வருஷக்கணக்காகக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழியே கூம்பிப்போய்ப் பார்வை கெடுவது உண்டு. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, பிழிந்து, மூடிய கண் மேல் சிறிது நேரம் வைத்தால் அரிப்பு அடங்கும். களத்திலிருந்து வந்ததும் முகமும் தலையும் கழுவி, உடுத்திய துணியை மாற்றவேண்டும். தூற்றும்போது கண்ணாடி அணிந்தால் பாதித் தொல்லை போகும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை கொதிக்கும் சூட்டு நீரில் அலசலாம். செயற்கைக் கண்ணீர் என்று விற்கும் சொட்டு மருந்து தூளைக் கழுவிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. இதற்கு வழி காட்டியவர்கள் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டில் இருந்தவர்கள். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் 1937-ல் போவே என்பவரும் அவர் மாணவியும் இவ்வகை மருந்து ஒன்றை முதலில் கண்டார்கள். போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது இவை மாத்திரையாகவும் கண் சொட்டாகவும் கிடைக்கின்றன. சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அவற்றை விழுங்கிவிட்டு டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு இவற்றைக் கண்ணில் விடுவது இன்னும் நிற்கவில்லை. சாற்றோடு கிருமியும் போகும். இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. மருந்துக் கடையில் சிவந்த கண்ணுக்கு என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்ட அன்றே கண் பளிச்சென்று வெளுக்கும். அரிப்பு மாயமாக மறையும். அதனால் அம்மா பிள்ளைக்கு மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருப்பாள். உள்ளுக்குள் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகும்; சிறு வயதிலேயே புரை விழும். போன பார்வை, நரம்பு கெட்டபின் திரும்புவதில்லை. அந்த மருந்து டாக்டர் கொடுத்தால், அவர் சொன்ன நாள் மட்டும்தான். மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடவேண்டும்.

கடைசி நாட்கள்

சரபோஜி 1832 மார்ச் 7-ந் தேதி காலமானார். தஞ்சை நகரமே துக்கம் காத்தது. அவருக்குப் பிறகு மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கும்பினியார் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். தன்வந்திரி மகாலின் மருந்து அடுப்புகளும் அணைந்தன.

நூலகம் தப்பித்தது. 1918-ல் அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று. ஓலைகளும் காகிதங்களுமாக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள் அங்கே உள்ளன. அந்த வரிசைகளுக்கு நடுவில்தான், மருந்து தேடி அரண்மனைக்கு நடந்து வந்த அந்தப் பழைய தஞ்சை ஜனங்களின் கண்கள் வர்ணம் மாறாமல் இருக்கின்றன.